பல்லைப் பார்க்கும் முன் கேட்ட கேள்விகள்



போன மாதம் கீழ்த்தாடையில் ஒரு பல் குடைய ஆரம்பித்தது. நாலு நாள் கிராம்புத் தைலத்திலேயே ஓட்டினேன். ஐந்தாம் நாள் முடியவில்லை, பல் டாக்டரிடம் போனேன். டாக்டர் என்னிடம் எட்டாம் வகுப்பில் வரலாறு படித்த பெண். "பேர் மட்டும் போட்டுடாதீங்க சார்" என்று சொல்லிவிட்டாள். அதனால் போடவில்லை.

நாற்காலியில் சாய்ந்து வாயைத் திறந்தேன். "கொஞ்சம் மூடுங்க சார், முதல்ல பேசணும்" என்றாள். கையில் இரண்டு பக்கப் படிவம். போன மூன்று வருஷத்தில் எத்தனை பல் அடைத்தீர்கள்? சாப்பாட்டுக்கு நடுவில் எத்தனை தடவை இனிப்பாக எதையாவது வாயில் போடுகிறீர்கள்? என்னென்ன மாத்திரை? ராத்திரியில் நாக்கு வறள்கிறதா? சின்ன வயதில் எந்த ஊர்த் தண்ணீர்? இப்படிப் போனது.

காபி எத்தனை என்று கேட்டாள். "ரெண்டு" என்றேன். சிரித்துவிட்டாள். "டம்ளர் இல்லாம நீங்க ஸ்டாஃப் ரூமை விட்டு வந்து நான் பார்த்ததே இல்லையே சார். உண்மையைச் சொல்லுங்க." ஆறு என்று ஒப்புக்கொண்டேன். ஆறிலும் சர்க்கரை உண்டு.

பிறகு ஒரு சின்ன மெழுகுத் துண்டைக் கொடுத்து மெல்லச் சொன்னாள். ஐந்து நிமிடம் ஊறிய எச்சிலையெல்லாம் அளவுக் கோப்பையில் துப்பச் சொன்னாள். இவ்வளவும் முடிந்த பிறகுதான் விளக்கைப் போட்டுப் பல்லைப் பார்த்தாள்.

வலிக்கிற பல்லை விட்டுவிட்டு இதெல்லாம் எதற்கு என்று கேட்டேன். "இந்தப் பல்லை இன்னைக்கு அடைச்சுடலாம் சார். அடுத்த சொத்தை உங்களுக்கு வருமா வராதான்னு கணிக்கத்தான் இந்தக் கேள்வியெல்லாம்" என்றாள்.

வந்த சொத்தைக்கு வைத்தியம் பார்ப்பதை எல்லோரும் அறிவோம். வரப்போகும் சொத்தையைக் கணிப்பது எனக்குப் புதிது. முப்பது வருஷம் வரலாறு நடத்தியவனுக்கு, ஒரு படிவத்தைப் பார்த்தால் இந்தக் கேள்வியை முதலில் கேட்டது யார், ஏன் கேட்டார் என்றுதான் புத்தி போகும். வீட்டுக்கு வந்து ஒரு மாதமாக இதைத்தான் படித்துக்கொண்டிருந்தேன். படித்ததை உங்களுக்கும் சொல்கிறேன். கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள். இதற்குள் எனக்கு ஒரு பழைய கடனும் இருக்கிறது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

*

நம் ஊரில் சொத்தைப் பல்லைப் பூச்சிப் பல் என்போம். நான் சிறுவனாக இருந்தபோது, கண்டங்கத்திரி விதையை நெருப்பில் போட்டுப் புகை பிடிக்கச் சொல்வார்கள். கொஞ்ச நேரத்தில் தண்ணீர்க் கிண்ணத்தில் வெள்ளையாக ஏதோ மிதக்கும். "பார், பூச்சி விழுந்துடுச்சு" என்பார்கள்.

இது நம் ஊர் நம்பிக்கை மட்டும் என்று நினைத்திருந்தேன். பாபிலோனியாவின் களிமண் பலகைகளிலேயே பல் புழுவைப் பற்றி எழுதியிருக்கிறது. ஐரோப்பாவில் கண்டங்கத்திரிக்குப் பதில் குரோசாணி ஓமம். அதன் விதையைப் புகைத்துப் புழு எடுப்பார்கள். 1597-இல் ஜான் ஜெரார்ட் என்ற ஆங்கிலேயர் தம் மூலிகை நூலில் இந்தக் குட்டை உடைத்தார். ஊர் ஊராகச் சுற்றும் போலி வைத்தியர்கள் வீணைபோன்ற ஒரு வாத்தியத்தின் நரம்பைத் துண்டு துண்டாக நறுக்கித் தண்ணீரில் போட்டு, புழு என்று காட்டி ஏமாற்றுகிறார்கள் என்று எழுதினார். 1728-இல் பாரிஸில் பியேர் ஃபோஷார் என்ற பல் மருத்துவர், உருப்பெருக்கியில் தேடியும் புழுவைக் காண முடியவில்லை என்று எழுதினார். பல் மருத்துவத்துக்குத் தந்தை என்று அவரைத்தான் சொல்கிறார்கள்.

பூச்சிதான் காரணம் என்று நம்புகிற வரையில் யாரிடமும் எதையும் கேட்க வேண்டியதில்லை. பூச்சி யாரையும் கடிக்கும். கணிப்பு என்ற எண்ணமே அங்கே பிறக்காது.

அந்த எண்ணத்துக்கு வழிவிட்டவர் வில்லோபி மில்லர். அமெரிக்கர், பெர்லினில் வேலை செய்தவர். ராபர்ட் காக்கின் ஆய்வகத்தில் நுண்ணுயிர்களைப் பற்றிக் கற்றவர். பிடுங்கிய பல்லை எச்சிலோடும் ரொட்டியோடும் சேர்த்து உடம்புச் சூட்டில் வைத்தார். பல் கரைந்தது. ரொட்டிக்குப் பதில் இறைச்சிக் கொழுப்பை வைத்தால் கரையவில்லை. எச்சிலைக் காய்ச்சிவிட்டு வைத்தாலும் கரையவில்லை. வாயில் இருக்கும் கிருமி, நாம் தின்னும் மாவையும் சர்க்கரையையும் தின்று அமிலமாக்குகிறது, அந்த அமிலம் பல்லைக் கரைக்கிறது என்று 1890-இல் புத்தகமாக எழுதினார்.

சரி, கிருமி எல்லார் வாயிலும் இருக்கிறது. சோறும் ரொட்டியும் எல்லாரும்தான் தின்கிறோம். அப்படியிருக்க, ஒரே வீட்டில் அண்ணனுக்குச் சொத்தை, தம்பிக்கு இல்லை. ஏன்? என் டாக்டரின் படிவம் இந்த ஒரு கேள்வியிலிருந்து கிளைத்ததுதான்.

*

"எத்தனை தடவை?"

எவ்வளவு சர்க்கரை என்று அவள் கேட்கவே இல்லை. எத்தனை தடவை என்றுதான் கேட்டாள்.

1940-இல் அமெரிக்காவில் ராபர்ட் ஸ்டீஃபன் என்பவர் பல்லின் மேல் படியும் படலத்தில் மெல்லிய மின்முனையை வைத்து அமிலத்தை அளந்தார். குளுக்கோஸ் தண்ணீரால் வாய் கொப்பளித்த சில நிமிடங்களிலேயே அமிலம் ஏறியது. பழைய நிலைக்குத் திரும்ப அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் ஆனது. அமிலத்தை அளக்கும் பி.எச். என்ற எண், குறையக் குறைய அமிலம் கூடுகிறது என்று பொருள். அது ஏறக்குறைய 5.5-க்குக் கீழே போனால் பல்லின் எனாமல் கரையத் தொடங்கும். பிறகு எச்சில் வந்து அமிலத்தை அடக்கி, கரைந்ததில் கொஞ்சத்தைத் திரும்பக் கட்டிவிடும். 1944-இல் அவர் இன்னொன்றையும் காட்டினார். ஒரே கரைசலால் கொப்பளித்தாலும், சொத்தை அதிகம் உள்ளவர் வாயில் அமிலம் அதிகமாக ஏறுகிறது. சொத்தையே இல்லாதவர் வாயில் அவ்வளவு ஏறுவதில்லை.

என் கணக்கைப் போட்டுப் பார்த்தேன். ஆறு காபி, ஒவ்வொன்றுக்கும் குறைந்தது அரை மணி. தினமும் மூன்று மணி நேரமாவது என் பல் அமிலத்தில் ஊறுகிறது. சாப்பாட்டு நேரம் இதில் சேரவில்லை.

இது ஒரு வாயில் நடப்பது. மனிதர்களிடம் வருஷக்கணக்கில் பார்த்தால்தானே நிச்சயமாகத் தெரியும்? பார்த்தார்கள். அந்தக் கதையைப் படித்த இரவு எனக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை.

ஸ்வீடன் நாட்டில் லுண்ட் என்று ஒரு பல்கலைக்கழக நகரம். அங்கே 1935-இல் விபெஹோல்ம் என்ற மருத்துவமனை திறக்கப்பட்டது. மனவளர்ச்சி குன்றியவர்களில், இவர்களுக்கு எதையும் கற்பிக்க முடியாது என்று அரசு முத்திரை குத்தியவர்களை அங்கே வைத்திருந்தார்கள். அந்தக் காலத்தில் ஸ்வீடன் மக்களின் பல் மிக மோசம். 1938-இல் அரசே பொதுப் பல் மருத்துவ சேவையைத் தொடங்கியது. அடைத்து மாளவில்லை. நோயின் காரணம் தெரிந்தால்தான் தடுக்க முடியும் என்று 1945-இல் அரசு ஓர் ஆய்வுக்கு உத்தரவிட்டது. சர்க்கரை, சாக்லேட், மிட்டாய்த் தொழிலிலிருந்தும் பணம் வந்தது.

ஆய்வுக்கு எடுத்துக்கொண்டது விபெஹோல்ம் நோயாளிகளை. முதலில் வைட்டமின் கொடுத்துப் பார்த்தார்கள். 1947 முதல் சர்க்கரை. ஒரு பிரிவுக்குச் சாப்பாட்டோடு சர்க்கரைக் கரைசல். ஒரு பிரிவுக்கு இனிப்பு ரொட்டி. வேறு சில பிரிவுகளுக்குச் சாக்லேட், கேரமல். இன்னொரு பிரிவுக்கு, பல்லில் அப்பிக்கொள்ள வேண்டும் என்றே தனியாகச் செய்த டாஃபி, சாப்பாட்டுக்கு நடுவில், நாளைக்கு 24 வரை. நம் ஊர்க் கமர்கட்டை நினைத்துக்கொள்ளுங்கள்.

முடிவு 1954-இல் வெளிவந்தது. 436 பேரை ஐந்து வருஷம் கவனித்து எழுதிய அறிக்கை. சாப்பாட்டோடு சர்க்கரை சாப்பிட்டவர்களுக்குச் சொத்தை கொஞ்சம்தான் கூடியது. சாப்பாட்டுக்கு நடுவில் ஒட்டும் டாஃபி தின்றவர்களுக்குக் கடுமையாகக் கூடியது. டாஃபியை நிறுத்தியதும் புதுச் சொத்தையின் வேகம் குறைந்தது. போன பல் போனதுதான். இன்னொன்றும் தெரிந்தது. அத்தனை டாஃபி தின்றும் சிலருக்குச் சொத்தையே வரவில்லை.

இன்று உலகத்தில் எந்தப் பல் மருத்துவரும் "நடுவில் நொறுக்காதீர்கள், ஒட்டுகிற இனிப்பு வேண்டாம்" என்று சொன்னால் அதில் விபெஹோல்ம் இருக்கிறது. ஸ்வீடனில் குழந்தைகளுக்கு மிட்டாய் சனிக்கிழமை மட்டும் என்ற பழக்கம் வேரூன்றியதும் இந்த ஆய்வுக்குப் பிறகுதான். ஆனால் அந்த நோயாளிகள் யாரும் சம்மதம் கேட்கப்படவில்லை. கேட்டிருந்தாலும் சொல்லத் தெரியாதவர்கள். பல் வலித்தால் இங்கே வலிக்கிறது என்று சொல்ல முடியாதவர்களும் அவர்களில் இருந்திருப்பார்கள். "இவனுக்குப் பாடம் ஏறாது" என்று ஆசிரியர் அறையில் நாங்கள் எத்தனை சுலபமாகச் சொல்லியிருக்கிறோம்! அதே சொல்லை ஓர் அரசாங்கம் சொன்னால் என்ன ஆகும் என்று அன்றைக்குத்தான் உறைத்தது.

அந்த ஆய்வில் இளம் பல் மருத்துவராகச் சேர்ந்தவர் போ கிராசே. பிற்காலத்தில் பெரிய பேராசிரியரானார். 1985-இல் சொத்தை அபாயத்தைக் கணிப்பது எப்படி என்று ஒரு கையேடு எழுதினார். இந்தத் துறையின் முன்னோடி நூல்களில் அது ஒன்று. ஐம்பது ஆண்டு கழித்து, 2001-இல், விபெஹோல்மில் நடந்ததை நினைத்துப் பார்த்து ஒரு கட்டுரையும் எழுதினார்.

*

"வீட்டில் யாருக்குச் சொத்தை?"

டாஃபி தின்றும் சிலருக்கு வரவில்லையே, அது எப்படி? ஒரு பதில் கிருமியில் கிடைத்தது. 1954-இல் அமெரிக்காவில் ஓர்லண்ட் குழுவினர், கிருமியே இல்லாமல் வளர்த்த எலிகளுக்கு இனிப்புத் தீனி போட்டார்கள். ஒரு சொத்தைகூட வரவில்லை. 1960-இல் பால் கீஸ், சொத்தையில்லாத வெள்ளெலிகளைச் சொத்தையுள்ள வெள்ளெலிகளோடு ஒரே கூண்டில் விட்டார். அவற்றுக்கும் சொத்தை தொற்றிக்கொண்டது. 1924-இலேயே லண்டனில் கிளார்க் என்பவர் சொத்தைப் பல்லிலிருந்து ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸ் என்ற கிருமியைப் பிரித்துப் பெயர் வைத்திருந்தார். நாற்பது வருஷம் யாரும் அதைப் பெரிதாக நினைக்கவில்லை. கீஸுக்குப் பிறகுதான் அதைத் தேடிப் போனார்கள்.

குழந்தைக்கு இது எங்கிருந்து வருகிறது? பெரும்பாலும் அம்மாவிடமிருந்து. 1983-இல் ஸ்வீடனில் கோலர், பிராட்டால், மேலே சொன்ன கிராசே மூவரும் ஒன்றைக் காட்டினார்கள். அம்மாவின் வாயில் இந்தக் கிருமியைக் குறைத்தால், குழந்தையின் வாயில் அது குடியேறுவது தள்ளிப்போகிறது. ஊட்டும் கரண்டியை ருசி பார்த்துவிட்டு அதே கரண்டியால் குழந்தைக்கு ஊட்டும் பழக்கம் நம் வீடுகளில் உண்டே! அதற்காகத் தாய்மார்களைக் குற்றம் சொல்ல வேண்டாம். பிள்ளை உண்டாகியிருக்கும்போதே அந்தப் பெண்ணின் சொத்தைப் பல்லைச் சரிசெய்து கொடுப்பது வீட்டார் கடமை என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

*

"நாக்கு வறள்கிறதா?"

நான் துப்பிய எச்சில் ஐந்து நிமிடத்தில் மூன்று மில்லி. மெழுகை மெல்லும்போது நிமிடத்துக்கு 0.7 மில்லிக்குக் கீழே போனால் குறைவு என்று கணக்கு. அதாவது ஐந்து நிமிடத்தில் மூன்றரை. எனக்கு அதிலும் குறைவு.

எச்சிலின் அருமை, அதை இழந்தவர்களிடமிருந்துதான் உலகத்துக்குத் தெரிந்தது. தலை, கழுத்துப் பகுதியில் புற்றுநோய் வந்து கதிர்வீச்சு சிகிச்சை எடுத்தால் உமிழ்நீர்ச் சுரப்பிகள் பழுதாகும். ஒரு சொத்தைகூட இல்லாமல் இருந்தவர்களுக்கும் சில மாதங்களிலேயே பல் வரிசையாக அழியும். அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரத்து எம்.டி. ஆண்டர்சன் மருத்துவமனையில் சாமுவேல் டிரைசன் குழுவினர் இந்த நோயாளிகளைப் பின்தொடர்ந்து ஆராய்ந்தார்கள். தினமும் ஃப்ளோரைடு களிம்பைப் போட்டால் அந்த அழிவைத் தடுக்கலாம் என்று 1977-இல் எழுதினார்கள்.

எனக்குப் புற்றுநோய் இல்லை. பத்து வருஷமாகத் தினமும் தும்மல் மாத்திரை போடுகிறேன். அது எச்சிலை வற்றவைக்கும் என்று எனக்குத் தெரியாது. வயதாகி ஈறு இறங்கியதால் வேர் வெளியே தெரிகிறது. வேருக்கு எனாமல் கவசம் கிடையாது. ஆறு காபியை இருபது வயதில் தாங்கிய பல், இப்போது தாங்காததற்கு இதுதான் காரணம். உறவுகளில் என் வயதுக்காரர்கள், மாத்திரை போட்டால் வாய் உலர்கிறதா என்று கவனித்து மருத்துவரிடம் சொல்லுங்கள். நீங்களாக எதையும் நிறுத்திவிடாதீர்கள்.

*

"இதுவரை எத்தனை அடைத்தீர்கள்?"

1938-இல் அமெரிக்காவின் ஹேகர்ஸ்டவுன் என்ற ஊரில் பள்ளிக் குழந்தைகளின் பல்லைக் கணக்கெடுக்க ஹென்றி கிளைன், கரோல் பால்மர் இருவரும் ஓர் எளிய வழி கண்டார்கள். சொத்தையான பல், பிடுங்கிய பல், அடைத்த பல் மூன்றையும் கூட்டு. ஓர் ஆள் இதுவரை பட்ட பாடெல்லாம் ஒரே எண்ணில் வந்துவிடும். பல் மருத்துவ உலகம் இன்றும் அந்த எண்ணைத்தான் பிடித்துக்கொண்டிருக்கிறது.

பிறகு விஞ்ஞானிகள் கிருமியை எண்ணினார்கள், எச்சிலை அளந்தார்கள், நிறம் மாறும் மருந்தில் எச்சிலை விட்டுப் பார்த்தார்கள். 1980-களின் பிற்பகுதியில் வட கரோலினா பல்கலைக்கழகம் இரண்டு மாநிலங்களில் ஏறக்குறைய 5,000 பள்ளிப் பிள்ளைகளைச் சில வருஷங்கள் தொடர்ந்து கவனித்தது. யாருக்குச் சொத்தை வரும் என்று முன்கூட்டியே சொல்ல முடியுமா என்பதுதான் கேள்வி. ஓரளவுக்கு முடிந்தது. ஆனால் சொத்தை வந்த பிள்ளைகளில் கணிசமான பேர் அந்தக் கணிப்பில் தப்பியவர்கள். 2001-இல் அமெரிக்க அரசின் தேசிய சுகாதார நிறுவனம் கூட்டிய மாநாட்டில் எல்லா ஆராய்ச்சிகளையும் சலித்துப் பார்த்தார்கள். இருப்பதிலேயே நம்பகமான அறிகுறி, இதற்கு முன் வந்த சொத்தைதான் என்று முடிவானது.

இதைப் படித்ததும் சிரிப்பு வந்தது. அரையாண்டில் தோற்றவன் முழு ஆண்டிலும் தோற்பான் என்று சொல்ல ஆராய்ச்சி எதற்கு? ஆசிரியர் எவரும் சொல்லிவிடுவார். பெரும்பாலும் பலிக்கவும் செய்யும். ஆனால் அவன் தோற்ற பிறகு வருகிற கணிப்பு அது. முதல் சொத்தை வருவதற்கு முன்பே சொல்ல வேண்டுமென்றால் மற்ற கேள்விகளையும் கேட்டுத்தான் ஆக வேண்டும்.

எல்லாக் கேள்விகளையும் ஒரே படத்தில் கொண்டுவந்தவர், மேலே கோலர், கிராசேயோடு பார்த்தோமே, அந்த டக்ளஸ் பிராட்டால். ஸ்வீடனின் மால்மோ நகரத்துப் பேராசிரியர். 1990-களின் இரண்டாம் பாதியில் கேரியோகிராம் என்ற கணினி நிரலைச் செய்தார். ஒரு வட்டம், அதில் ஐந்து நிறத் துண்டுகள். உணவுக்குக் கருநீலம், கிருமிக்குச் சிவப்பு, எச்சில், ஃப்ளோரைடு முதலிய பல்லின் பாதுகாப்புக்கு வெளிர்நீலம், பழைய சொத்தை, உடல் நோய் முதலிய சூழலுக்கு மஞ்சள். இவையெல்லாம் போக மீதி பச்சை. புதுச் சொத்தை வராமல் தப்பிக்கும் வாய்ப்பு அந்தப் பச்சை.

அதே பிராட்டால் 2000-இல் இன்னொன்றும் சொன்னார். வகுப்புச் சராசரி நன்றாக இருக்கிறது என்று தலைமை ஆசிரியர் மகிழ்ந்துகொண்டிருப்பார். கடைசி பெஞ்சில் பத்துப் பேர் மூழ்கிக்கொண்டிருப்பார்கள். நாடுகளின் பல் கணக்கும் அப்படித்தான் ஆகிவிட்டது. அதனால் சராசரியை மட்டும் பார்க்காதீர்கள், பாதிப்பு அதிகமுள்ள மூன்றில் ஒரு பங்குப் பிள்ளைகளைத் தனியாகப் பிரித்து அவர்களுடைய சராசரியையும் பாருங்கள் என்றார். அபாயத்தைக் கணிப்பது முத்திரை குத்துவதற்கு இல்லை, யாருக்கு அதிகக் கவனம் வேண்டும் என்று கண்டுபிடிப்பதற்குத்தான் என்பது எனக்கு இங்கேதான் விளங்கியது.

என் வட்டத்தில் பச்சை 38 சதவீதம். டாக்டர் திரையைத் திருப்பிக் காட்டினாள். காபியை இரண்டாகக் குறைத்து, அதையும் சாப்பாட்டு நேரத்துக்கு மாற்றி, இரவில் ஃப்ளோரைடு அதிகமுள்ள பற்பசையையும் சேர்த்துப் போட்டுக் காட்டினாள். பச்சை கண்ணெதிரே அகன்றது. ஜாதகக் கட்டத்தில் இந்த வசதி இல்லை!

*

இனி கடன்.

படிவத்தில் "எந்த ஊர்த் தண்ணீர்?" என்ற கேள்வியை நான் வேண்டுமென்றேதான் கடைசிக்கு வைத்திருந்தேன்.

1901-இல் ஃபிரெடெரிக் மெக்கே என்ற இளம் பல் மருத்துவர் அமெரிக்காவில் கொலராடோ ஸ்பிரிங்ஸ் என்ற ஊரில் தொழில் தொடங்கினார். அங்கே பிறந்து வளர்ந்தவர்கள் பலருக்குப் பல்லில் காவிக் கறை. எவ்வளவு தேய்த்தாலும் போகாது. ஆனால் அந்தப் பற்களில் சொத்தை குறைவு. முப்பது வருஷம் தேடினார். 1931-இல் சர்ச்சில் என்ற வேதியியலாளர் தண்ணீரைச் சோதித்து ஃப்ளோரைடு என்று கண்டுபிடித்தார். பிறகு டிரென்ட்லி டீன் என்பவர் பல ஊர்த் தண்ணீரையும் பிள்ளைகளின் பல்லையும் ஒப்பிட்டுப் பார்த்தார். லிட்டருக்கு ஏறக்குறைய 1 மில்லிகிராம் இருந்தால் கறையும் பெரிதாக விழாது, சொத்தையும் குறையும் என்றார். 1945 ஜனவரியில் கிராண்ட் ராபிட்ஸ் நகரம் குடிநீரில் ஃப்ளோரைடைக் கலக்கத் தொடங்கியது. உலகத்தில் அதுதான் முதல் நகரம்.

நம் பக்கத்தில் கதை தலைகீழ். 1937-இல் ஷார்ட் என்ற மருத்துவரும் அவருடைய குழுவினரும், அன்றைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த நெல்லூர்ப் பகுதியில், தண்ணீரில் ஃப்ளோரைடு மிகுந்து எலும்பையே முடக்குவதை எழுதினார்கள். நான் வேலை பார்த்த தருமபுரி மாவட்டத்திலும் நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு அதிகம். 2013-இல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே முக்கியமாக அதற்காகத்தான்.

1986. எட்டாம் வகுப்பு, இரண்டாவது பெஞ்ச். ஒரு பையனின் முன்பல் இரண்டிலும் காவிக் கறை. சுத்தத்தைப் பற்றி ஏதோ பேசிக்கொண்டிருந்த நான், அவனை எழுப்பி நிறுத்தினேன். "பல் தேய்க்காமல் என் வகுப்புக்கு வராதே" என்றேன். குழாயடிக்கு அனுப்பி, கரித்தூளால் தேய்த்துவிட்டு வரச் சொன்னேன். வகுப்பே சிரித்தது. அவன் தேய்த்துவிட்டு வந்தான். ஈறில் ரத்தம். கறை அப்படியே இருந்தது. அந்த வருஷம் முழுவதும் அவன் கையால் வாயை மறைத்துக்கொண்டுதான் பேசினான். நான் அதைப் பார்த்தேன். பார்த்தும் விட்டுவிட்டேன்.

அது அழுக்கு இல்லை, அவன் ஊர்க் கிணற்றுத் தண்ணீர். அவன் தேய்த்துத்தான் வந்திருப்பான். சொத்தை என்று பார்த்தால் அவன் பல் என் பல்லைவிட உறுதியாகக்கூட இருந்திருக்கும். நான் கும்பகோணம் பக்கம் காவிரித் தண்ணீர் குடித்து வளர்ந்தவன். என் பல் வெள்ளையாக இருந்தது என் ஒழுக்கத்தால் அல்ல. ஒரு பல்லைப் பார்த்து ஒரு பிள்ளையின் குணத்தைத் தீர்ப்புச் சொல்லிவிட்டேன். எந்த ஊர்த் தண்ணீரப்பா குடிக்கிறாய் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதே பள்ளியில் படித்த ஒரு பெண், முப்பத்தைந்து வருஷத்துக்கும் மேலான பிறகு, என் பல்லைப் பார்க்கும் முன் என்னிடம் அந்தக் கேள்வியைக் கேட்டாள்.

அவன் பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போனதாகக் கேள்வி. பெயரை இங்கே எழுதவில்லை. அந்த வகுப்பில் இருந்தவர்களுக்கு யார் என்று தெரியும். அவனோடு தொடர்பில் இருப்பவர்கள் இதை அவனுக்குக் காட்டுங்கள். அப்பா, தப்பு என்னுடையது. வகுப்பு முன்னால் செய்தேன், அதனால் வகுப்பு முன்னாலேயே சொல்கிறேன். முடிந்தால் ஒரு போன் செய். நான் வந்து பார்க்கிறேன்.

ஆசிரியர்களாக இருக்கும் என் மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பிள்ளையின் பல் கறையாக இருந்தால் தண்ணீரைக் கேளுங்கள். சொத்தையாக இருந்தால் சாப்பாட்டை, மாத்திரையை, வீட்டு நிலைமையைக் கேளுங்கள். திட்டுவதற்கு முன்னால் கேளுங்கள். தாத்தா பாட்டிகளுக்கு: பேரப் பிள்ளைகளுக்குக் கமர்கட் வாங்கிக் கொடுக்காதீர்கள் என்று சொன்னால் கேட்க மாட்டீர்கள். சாப்பாட்டோடு சேர்த்துக் கொடுங்கள். மறுபடி மறுபடி கொடுக்காதீர்கள். எல்லாருக்கும்: டாக்டர் கேட்டால் காபிக் கணக்கைச் சரியாகச் சொல்லுங்கள்.

நான் இப்போது இரண்டு டம்ளர். பச்சை எவ்வளவு ஆகியிருக்கிறது என்று ஆறு மாதம் கழித்துப் பார்க்கப் போகிறேன்.

அன்புடன்,
உங்கள் வரலாறு சார்